மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

இந்த ஆண்டு படிப்பை முடித்து, பாண்ட் பத்திரத்தில் ஒப்புக்கொண்ட சேவைக் காலத்தைக் கழிக்க மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் டாக்டர்களுக்கும், நர்சுகளுக்கும், லேப் டெக்னீஷியன்களுக்கும்,

அன்புள்ள பிள்ளைகளே,

இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சபைகளில் உங்களை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்கள். ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அம்மாமார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பிரசங்கத்தில் டேவிட் லிவிங்ஸ்டன் கட்டாயம் வருவார். 1873-இல் ஆப்பிரிக்காவின் நடுவில் ஒரு குடிசையில் முழங்காலில் நின்றபடி அவர் இறந்துகிடந்ததும், அவருடைய இருதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்ததும் சொல்லப்படும். கேட்கிறவர்கள் உருகுவார்கள். நீங்களும் உருகுவீர்கள், இளவயதில் நானும் உருகினேன்.

கதை உண்மைதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மரத்தடியோடு நிறுத்திக்கொள்வார்கள். லிவிங்ஸ்டனின் உடலை வெயிலில் உலர்த்தி, துணியில் சுற்றி, மாதக்கணக்கில் காட்டு வழியே கடற்கரைவரை சுமந்து வந்தவர்களின் தலைவர்களாக இருந்தவர்கள் சூமா, சூசி என்னும் இரண்டு ஆப்பிரிக்கர்கள். 1874 ஏப்ரலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அரச மரியாதையோடு அடக்கம் நடந்தபோது அந்த இருவரும் அங்கே இல்லை. மிஷனரி மருத்துவத்தின் வரலாற்றை நாம் எப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம் என்பதற்கு இது ஒன்றே போதும். ஒருவர் செத்த விதம் நமக்குத் தெரியும். அவரைச் சுமந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியாது.

நான் ஓய்வுபெற்ற மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரி என்றாலே நெய்யூர்தான் என்று இருந்த காலத்தில் வளர்ந்தவன். வழியனுப்பு ஆராதனையில் யாரும் சொல்லமாட்டார்கள் என்று நான் நினைக்கிற சில விஷயங்களை எழுதுகிறேன். உங்கள் உயிரை யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் ஆயுளைக் கேட்பார்கள். உயிரை ஒரு நாளில் கொடுத்துவிடலாம். ஆயுளை வருடம் வருடமாக, ஓ.பி. ஓ.பி.யாக, பாதி தூக்கத்தில் எழுந்து எழுந்துதான் கொடுக்க வேண்டும். அதற்கு நம்மிடம் பிரசங்கங்கள் குறைவு.

நெய்யூர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். லிவிங்ஸ்டனை அனுப்பிய அதே லண்டன் மிஷன் சங்கம்தான் நெய்யூருக்கும் மருத்துவர்களை அனுப்பியது. 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே வந்து தொடங்கினார். அதிக நாள் தங்கவில்லை. பிறகு 1850-களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் லீச் வந்தார். இளைஞர், தமிழ் கற்றார், கூட்டம் வரத் தொடங்கியது. 1854-இல் முட்டம் கடலில் குளிக்க இறங்கியவர் மூழ்கிப்போனார். முட்டம் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாறைகளுக்கு நடுவே அலை எப்படி உள்ளே இழுக்கும் என்று. காலரா நோயாளியைத் தொட்டு அவர் சாகவில்லை, யாரும் அவரைக் கல்லெறிந்து கொல்லவும் இல்லை. ஒரு நாள் குளிக்கப் போனார், அவ்வளவுதான். இந்தச் சாவை வைத்து எந்தப் பிரசங்கியாலும் ஒரு பிரசங்கம் பண்ண முடியாது. அதனால்தானோ என்னவோ, நெய்யூரிலேயே பலருக்கு லீச்சைத் தெரியாது.

ஆனால் அந்தச் சாவின் விளைவைப் பாருங்கள். அடுத்த மருத்துவர் ஜான் லோ வந்து சேர்ந்தது 1861-இல். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் பிரசவத்திலும் காய்ச்சலிலும் செத்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. லோ வந்ததும் செய்த காரியத்தை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். உள்ளூர்ப் பையன்களை வகுப்பில் உட்காரவைத்து மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கிளை ஆஸ்பத்திரிகளில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்கார டாக்டர் விடுப்பில் போனாலும் செத்துப்போனாலும் ஆஸ்பத்திரி திறந்திருந்தது. ஒரு மனிதனின் மூச்சில் ஓர் ஊரின் வைத்தியத்தைத் தொங்கவிடக் கூடாது என்பதை அந்த மிஷன் ஒரு சாவைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. நீங்கள் போகிற இடத்தில் 'டாக்டர் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு நோயின் அறிகுறி. பாண்ட் முடிந்து நீங்கள் மேல்படிப்புக்குப் போகும் நாளும் ஒரு விதத்தில் சாவுதான், அந்த ஆஸ்பத்திரிக்கு. அதற்குள் இரண்டு பேருக்காவது உங்கள் கைவேலையைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இனி சாமர்வெல்லைப் பற்றி. ஹோவர்டு சாமர்வெல்லின் பெயரை நீங்கள் காரக்கோணம் மருத்துவக் கல்லூரியின் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள். எவரெஸ்ட் ஏறிய டாக்டர் என்ற அளவில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவை அவர் அளவுக்குப் பல கோணங்களிலிருந்து பார்த்த மிஷனரி மருத்துவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில், செருப்புத் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சில் சோம் போர்முனைக்குப் பின்னால் ஓர் அறுவை முகாமில் வேலை பார்த்தார். 1916 ஜூலை 1. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,000-க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ விழுந்தார்கள். அதில் செத்தவர்கள் மட்டும் 19,000-க்கும் மேல். முகாமைச் சுற்றி ஏக்கர் கணக்கில் ஸ்ட்ரெச்சர்கள். சில டாக்டர்கள் மட்டும். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து தீர்மானிக்க வேண்டும். தன்னை முதலில் பாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. போர் அவரைச் சமாதானவாதியாக்கியது.

1922-இல் எவரெஸ்ட் குழுவில் போனார். மே மாதம் மல்லோரி, நார்ட்டன் ஆகியோரோடு ஆக்சிஜன் இல்லாமல் 8,200 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். அதுவரை மனிதன் தொடாத உயரம். அதோடு திரும்பியிருக்கலாம். ஜூன் 7-ஆம் தேதி இன்னொரு முயற்சி. புதுப்பனி விழுந்த சரிவில் ஏறும்போது பனிச்சரிவு வந்து அடித்துக்கொண்டு போனது. சுமை தூக்கி வந்தவர்களில் ஏழு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்களில் ஒருவனாவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா, அந்த நேரத்தில் தானே அங்கே பனியில் பிணமாகக் கிடந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனே என்று நினைத்ததாகப் பின்னாளில் எழுதினார். நானும் சில இரவுகளில் லேபர் வார்டை விட்டு வெளியே வந்து அதே மாதிரி நினைத்திருக்கிறேன். நீங்களும் நினைப்பீர்கள். அந்த நினைப்பு வரும்போது பயப்பட வேண்டாம். ஆனால் அதைத் தியாகம் என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். செத்தவர்களோடு சேர்ந்து சாக விரும்புவதால் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

சாமர்வெல் மலையிலிருந்து இறங்கி, ஊருக்குத் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தெற்கே வந்து சேர்ந்தார். நெய்யூரில் அப்போது இருந்தவர் டாக்டர் பியூ. அத்தனை பெரிய கூட்டத்துக்கு அறுவை தெரிந்த ஒரே ஆள். சும்மா பார்க்க வந்தவர் சில நாள் கத்தியைக் கையில் எடுத்தார். கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. லண்டனில் காத்திருந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டு அடுத்த ஆண்டே நெய்யூருக்குத் திரும்பி வந்தார். அவரைத் தரிசனம் கண்டு வந்தவர் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் கண்டது ஒரு கியூவைத்தான் என்று தோன்றுகிறது. சோம் போர்முனையில் பார்த்த அதே வரிசை. அங்கே மனிதன் மனிதனைச் சுட்டு உண்டாக்கிய வரிசை. இங்கே வறுமையும் தூரமும் டாக்டர் பற்றாக்குறையும் உண்டாக்கிய வரிசை.

1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள், நெய்யூரிலிருந்தே போனார். அந்த மே மாதம் நடந்ததை உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மல்லோரி உச்சியைத் தொட்டாரா இல்லையா என்ற பேச்சில் இது அடிபட்டுப் போகிறது. வடக்குக் கணவாயில் போட்டிருந்த முகாமில் சுமைதூக்கிகள் நான்கு பேர் பனியில் மாட்டிக்கொண்டார்கள். நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் உச்சி முயற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களை மீட்கப் போனார்கள். சரிவு பயங்கரமானது. இடுப்பில் கயிறு கட்டி சாமர்வெல் குறுக்கே நடந்தார். கயிறு தீர்ந்துவிட்டது, அவர்கள் இன்னும் சில கெஜ தூரத்தில். முதல் இருவர் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் சேர்ந்தாற்போல் கால்வைத்து வழுக்கி, பாதாளத்தின் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றார்கள். சாமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனியில் ஊன்றிய கோடரியில் அதைச் சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டி, இன்னொரு கையால் அவர்கள் கழுத்துச் சட்டையைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்தார். நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் செத்த ஏழு பேருக்கு இது ஈடாகாது. ஈடு என்று அவரும் நினைத்திருக்கமாட்டார். அந்த ஏழு பேர் கண்முன் இருந்ததால்தான் அந்த மூவராலும் உச்சியை விட்டுவிட்டுத் திரும்பிப் போக முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

அதன் பிறகு ஜூன் 4-ஆம் தேதி நார்ட்டனோடு உச்சிக்கு முயன்றார். தொண்டை உறைந்து வெந்துபோயிருந்தது. 8,500 மீட்டர் அளவில் உட்கார்ந்துவிட்டார். இறங்கும் வழியில் தொண்டைக்குள் ஏதோ உரிந்து வந்து மூச்சுக்குழாயை அடைத்தது. குரல் எழும்பவில்லை. முன்னால் போன நார்ட்டனுக்குத் தெரியவும் இல்லை. படம் வரைய உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். (சாமர்வெல் நன்றாகப் படம் வரைவார், இசையும் தெரியும்.) பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தித் தள்ளினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்தது. அவருடைய குரல்வளையின் உள்தோலேதான் அது. நாலு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் உச்சி நோக்கிப் போய் மறைந்தார்கள். மல்லோரியிடம் இருந்த கேமரா சாமர்வெல் கொடுத்து அனுப்பியது. இன்றுவரை அந்தக் கேமராவைத்தான் உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் கடந்து வந்தவர் அதன்பின் நெய்யூரில் என்ன செய்தார் என்று கேட்டால், கேட்பதற்குச் சுவாரசியமாக ஒன்றும் இருக்காது. வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்தார். அடுத்த நாளும் வயிற்றுப்புண் ஆபரேஷன். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் குடல்புண் அவ்வளவு பரவலாக இருந்தது. 1936-இல் அவரும் ஐ. எம். ஓர் என்னும் டாக்டரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2,500 நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. வெற்றிலை, புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்தவர்களும் வரிசையாக வந்தார்கள். அதற்குக் கத்தியும் ரேடியமும். அந்த வாய்ப்புற்று பற்றி ஓர் எழுதியது 1933-இலேயே லான்செட் இதழில் வந்துவிட்டது. நாற்பதுகளில் நெய்யூரை விட்டு, பிறகு வேலூரில் மருத்துவ ஆசிரியராக இருந்து, 1961 வாக்கில் ஊர் திரும்பி, 1975-இல் 84 வயதில் இயற்கையாக இறந்தார்.

அந்த வயிற்றுப்புண் விஷயத்தில் உங்களுக்கு இன்னொன்று உண்டு. 1980-களில் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டினார்கள். இன்று இரண்டு வார மாத்திரையில் தீர்கிறது. சாமர்வெல் ஆயுளில் பாதியைச் செலவழித்த ஆபரேஷனை நீங்கள் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, செய்யவே போவதில்லை. அவர் உழைப்பு வீணா? அன்றைக்கு வலியில் துடித்து வந்தவர்கள் நாற்பது ஐம்பது வருஷம் காத்திருக்க முடியாதே. நீங்கள் இன்று கஷ்டப்பட்டுச் செய்வதில் பாதியை நாளைக்கு யாரோ ஒரு மாத்திரையால் தேவையற்றதாக்குவார்கள். அப்படி ஆனால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

இப்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். திண்டிவனம் கதை உங்களுக்கு மனப்பாடம். ஐடா ஸ்கடர் இன்னும் டாக்டர் ஆகாத காலம். அப்பா வீட்டில் இருக்கிறார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். ஐடா அமெரிக்கா போய்க் கார்னெல்லில் படித்து, 1900-இன் தொடக்கத்தில் திரும்பி வந்து, வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஆரம்பிக்கிறார். முதல் வேலைகளில் பக்கத்தில் நின்று உதவியது மருத்துவம் படித்த யாரும் இல்லை, வீட்டில் வேலை செய்தவரின் மனைவி சலோமி.

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் நாம் சொல்லும்போது அந்த மூன்று பெண்களும் ஒரு கல்லூரி உண்டாவதற்காகச் செத்தவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். நாம் கேட்கும் கதையில் அவர்களுக்குப் பெயரே இல்லை. கணவர்களின் சாதி, மதம் சொல்லப்படுகிறது. பெண்களைப் பற்றி அவ்வளவுகூடச் சொல்லப்படுவதில்லை. ஒரு சாவிலிருந்து பிற்பாடு நல்லது விளைந்தால் அந்தச் சாவு நல்லதாகிவிடாது. உங்கள் கையில் ஒரு தாய் செத்தால், மறுநாள் யாராவது வந்து கர்த்தருடைய சித்தம் என்று உங்களைத் தேற்றுவார்கள். அன்போடுதான் சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எத்தனை மணிக்கு வந்தார், எப்போது இரத்தப்போக்கு தொடங்கியது, யார் முதலில் கவனித்தார், இரத்தம் எவ்வளவு நேரம் கழித்து வந்தது. சித்தத்தைப் பற்றிய கேள்வி பிறகு வரட்டும். லாசருவின் கல்லறை முன்னால் நின்று அழுதவர் அவனை எழுப்பப்போகிறவர்தான். நம்பிக்கை இருப்பவனுக்குத் துக்கம் தேவையில்லை என்று அவர் நடந்துகொள்ளவில்லை.

உறவினர்களிடம் சாவைச் சொல்லும் வேலை உங்களுக்குத்தான். நர்சை அனுப்பிச் சொல்லவிடாதீர்கள். நடைபாதையில் நின்று சொல்லாதீர்கள். உட்காரச் சொல்லி, நீங்களும் உட்கார்ந்து, 'இறந்துட்டாங்க' என்று சொல்லிவிட வேண்டும். 'எங்களால முடிஞ்சதைச் செய்தோம்' என்பதை முதலில் சொன்னால் மீதி எதுவும் அவர்கள் காதில் விழாது. சொன்னபிறகு பேசாமல் இருங்கள். அவர்கள் கத்தினால் கத்தட்டும். பில் விஷயத்தை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது என்று ஆபீசில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஜெபம் பற்றியும் கேட்பீர்கள். ஆபரேஷனுக்கு முன் ஜெபிப்பது நம் ஆஸ்பத்திரிகளின் வழக்கம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இந்து, முஸ்லிம் நோயாளிகளில் பலர் அதைக் கேட்டே வாங்குவார்கள். ஆனால் சாகக் கிடக்கிறவரின் பயத்தை யாரும் அறுவடைக் களமாக்கக் கூடாது. மயக்கத்திலும் வலியிலும் இருப்பவரிடம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது என்று நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். விசுவாசத்துக்கு மட்டும் வேறு நியாயமா? மிஷன் ஆஸ்பத்திரிகள் மேல் வெளியில் இருக்கும் சந்தேகத்தில் ஒரு பங்கு நாமே சம்பாதித்தது. அதைத் தீர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கொல்லிமலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913-இல் திருமணமானதும் அந்த மலைக்கு ஏறினார்கள். ஜெசி முழு டாக்டர் இல்லை. வெப்பமண்டல நோய்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர். பல் பிடுங்குவார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல இழுத்தெடுப்பார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். 1929 ஜூனில் அவருக்கே மலேரியாவின் மோசமான வடிவமான கருநீர்க் காய்ச்சல் வந்தது. 44 வயதில், அதே மலையில் இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த, பதினைந்து வயதை எட்டாத பையன். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா ஏற்கெனவே எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் அதன்பிறகும் வாரம் வாரமாக வந்துகொண்டே இருந்தன, மலையில் பூத்த மரங்களைப் பற்றியெல்லாம். அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு.

பிரசங்கிகளுக்கு ஜெசி பிடிக்கும். எனக்கு ஈவ்லினைப் பிடிக்கும். கணவரைப் புதைத்த மலைக்கே திரும்பி வந்தார். மிஷன் ஓய்வு கொடுத்தபோது, சரி என்று வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது. பிறகு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் என்று அடுத்த மலைகளுக்கும் போனார். கிணறுகளைச் சீர்படுத்தி, தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லி, அந்த நரம்புச் சிலந்தியை மலையிலிருந்து ஒழிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, கணவர் பக்கத்திலேயே அடக்கமானார். நாற்பத்தைந்து வருட விதவை வாழ்க்கை. மலை ஜனங்களோடு சண்டை போட்டுக்கொண்டும், மிஷனோடு சண்டை போட்டுக்கொண்டும், பிடிவாதக்காரக் கிழவியாக. பக்கத்தில் இருந்து வேலை செய்யச் சுலபமானவராக இருந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனபடியால், உயிரோடு இருக்கப் பாருங்கள். இருமலோடு வருகிறவரைப் பார்க்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். கர்த்தர் காப்பார் என்று வெறும் முகத்தோடு காசநோய் வார்டுக்குள் போவது விசுவாசம் இல்லை. ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி மூன்று டோசும் போட்டீர்களா என்று பாருங்கள். விடுப்பை எடுங்கள். இரவு டியூட்டி முடிந்து பைக்கில் மலைப்பாதையில் இறங்காதீர்கள். கல்யாணம் செய்துகொண்டு போகிறவர்கள், உங்களோடு வருகிறவருக்கும் அங்கே ஒரு வேலை, ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊழியத்துக்கு அவர்களைக் காணிக்கையாகப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. மனம் உடைந்தால் அதை ஜெபக்குறிப்பாக மட்டும் எழுதாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் மூன்று காரியங்களைப் பார்த்துவிடுங்கள். அருகில் இரத்த வங்கி எங்கே, இரவு இரண்டு மணிக்கு அதைத் திறப்பவர் யார், அவருடைய போன் நம்பர் லேபர் வார்டு சுவரில் ஒட்டியிருக்கிறதா. அடுத்தது, பிரசவித்த தாய்க்குக் கீழே விரித்து இரத்தத்தை அளக்கும் அளவுகோடு போட்ட விரிப்பு இருக்கிறதா. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதை விட்டு, அந்த விரிப்பில் அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினால் மோசமான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியிருக்கிறது. விரிப்பு ஒன்றும் பெரிய விலை இல்லை. மூன்றாவது, மார்ஃபின். வாய்ப்புற்று முற்றி, இனி செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் உங்களிடம் வருவார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் அதை வைத்துக்கொள்ளும் வழியை எளிதாக்கிவிட்டார்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால் விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள், கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள், பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே பாண்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு கிழ டாக்டர்